தலை மழுங்கிய திருகாணி: சுற்றுப்பாதையில் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் ரோபோ கருவிகள்

2009 மே 17 அன்று, பூமிக்கு மேலே 550 கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், ஹபிள் தொலைநோக்கியின் ஒரு நிறமாலைக் கருவியைச் சரிசெய்யும் வேலையில் மைக் மாசிமினோ என்ற விண்வெளி வீரர் இறங்கியிருந்தார். 2004இல் மின்வழங்கி பழுதாகி நின்றுபோன கருவி அது. உள்ளே இருக்கும் மின்சுற்று அட்டையை மாற்ற வேண்டுமானால் முதலில் ஒரு மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் குறுக்கே நிற்கும் ஒரு கைப்பிடியைக் கழற்ற வேண்டும். கைப்பிடியை நான்கு திருகாணிகள் பிடித்திருந்தன. அவற்றில் ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. அதன்பின் திருப்புளி சுற்றியதே தவிர, திருகாணி அசையவில்லை.

நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் இருந்த பொறியாளர்கள் அதே போன்ற ஒரு கைப்பிடியை எடுத்து, எவ்வளவு விசையில் இழுத்தால் அந்த ஒற்றைத் திருகாணி முறியும் என்று தரையிலேயே இழுத்துப் பார்த்தார்கள். ஒரு மனிதனின் கை தரக்கூடிய விசைதான் என்று தெரிந்தது. முறியும்போது துண்டுகள் சிதறி மிதக்காமல் இருக்க மாசிமினோ அந்த இடத்தில் நாடாவை ஒட்டினார். பிறகு கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது பெயர்ந்து வந்தது. அன்றைய விண்நடை எட்டு மணி நேரத்தைத் தாண்டியது.

இந்த நிகழ்வை மனித உறுதிக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். சுற்றுப்பாதையில் வேலைசெய்யும் ரோபோ கருவிகளை வடிவமைப்பவர்கள் இதை வேறு விதமாகத்தான் படிப்பார்கள். அந்தக் கைப்பிடி ஏன் அங்கே இருந்தது? திருகாணியின் தலை ஏன் அந்த வடிவில் இருந்தது? இழுத்துப் பெயர்ப்பது என்ற வழி ஒரு ரோபோவுக்கு இருந்திருக்குமா? மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடைதான். அந்த நிறமாலைக் கருவியை முழுப் பெட்டியாகக் கழற்றி மாற்றலாம் என்று திட்டமிட்டிருந்தார்களே தவிர, அதன் வயிற்றைச் சுற்றுப்பாதையிலேயே திறக்கப் போகிறோம் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்கவில்லை.

ஹபிளில் மற்ற பெரும்பாலான பாகங்கள் அப்படியல்ல. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கி, விண்ணோடத்தில் வரும் வீரர்கள் அவ்வப்போது பாகங்களை மாற்றுவார்கள் என்ற எண்ணத்திலேயே கட்டப்பட்டது. 2.4 மீட்டர் குறுக்களவுள்ள அதன் முதன்மைக் கண்ணாடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது என்பது மேலே போன பிறகுதான் தெரிந்தது. 1993 டிசம்பரில் முதல் குழு போய், தொலைபேசிக் கூண்டு அளவுள்ள ஒரு பெட்டியை வெளியே எடுத்து, கண்ணாடியின் பிழையை ஈடுசெய்யும் வேறொரு பெட்டியை அதே இடத்தில் தள்ளிப் பூட்டிவிட்டு வர முடிந்ததற்கு அந்த முன்யோசனையே காரணம். தண்டவாளம் போன்ற வழிகாட்டிகள், கையுறை போட்ட கையால் இழுக்கக்கூடிய மின் இணைப்பிகள், பரவலாக ஒரே அளவில், 7/16 அங்குலத்தில், வழக்கத்தைவிட உயரமான தலையுடன் அமைந்த அறுகோண போல்ட்டுகள் ஆகியவை அதில் இருந்தன. ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு பாதி தொலைநோக்கியைக் கழற்றலாம் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இந்த வேலையை மனிதர்களை அனுப்பாமல் செய்ய முடியுமா என்ற கேள்வி 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதைந்த பிறகு அவசரமாக எழுந்தது. 2004 தொடக்கத்தில் நாசா, ஹபிளுக்கு வீரர்களை அனுப்பும் கடைசிப் பயணத்தை ரத்துசெய்தது; எதிர்ப்பு வலுத்ததும், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்காகக் கனடாவில் செய்யப்பட்டிருந்த 'டெக்ஸ்டர்' என்ற இரட்டைக்கை ரோபோவை ஹபிளுக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்தது. அதற்காகத் தீட்டப்பட்ட திட்டத்தில் மெச்சத்தக்க ஒரு தந்திரம் இருந்தது. தொலைநோக்கியின் ஆழத்தில் இருக்கும் பழைய கைரோக்களை (தொலைநோக்கி எவ்வளவு திரும்புகிறது என்று உணரும் கருவிகளை) தேடிப்போய்க் கழற்றுவது ரோபோவுக்குக் கடினம் என்பதால், எப்படியும் உள்ளே பொருத்தப்படவிருந்த புதிய கேமராப் பெட்டியின் மீதே புதிய கைரோக்களை ஏற்றிவிடுவது என்று முடிவுசெய்தார்கள். பழைய மின்கலங்களையும் தொடாமல், ஹபிளுடன் இணையவரும் கலத்திலேயே புதியவற்றை வைத்து, வெளிப்புற இணைப்பிகள் வழியாக மின்சாரம் தரலாம் என்றார்கள். ரோபோவின் கைத்திறனைக் கூட்டுவதற்குப் பதிலாக, கைத்திறன் தேவைப்படும் வேலைகளையே குறைத்துவிட்டார்கள். ஆனாலும் 2004 டிசம்பரில் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றக் குழுவின் அறிக்கை, உரிய காலத்துக்குள் ரோபோ தயாராவது ஐயமே என்றும் விண்ணோடத்தில் மனிதர்களையே அனுப்பலாம் என்றும் சொன்னது. 2006இல் அந்த முடிவு ஏற்கப்பட்டது. அப்படிப் போன பயணத்தில்தான் மாசிமினோ கைப்பிடியோடு மல்லுக்கட்டினார்.

இன்று அந்த வழியும் இல்லை. விண்ணோடங்கள் 2011இல் ஓய்வு பெற்றுவிட்டன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இருக்கும் எல்-2, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும் அந்தப் புள்ளியோ, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நமது ஆதித்யா எல்-1 சூரியனை நோக்கிய பக்கத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, அதே தூரம் எதிர்ப்பக்கத்தில். அங்கே ஒரு மனிதரை ஸ்பேனருடன் அனுப்புவது அண்மையில் நடக்கப்போவதில்லை. ஆகவே ரோபோதான்.

ரோபோ என்றதும் நம் மனத்தில் வருவது நீண்ட இயந்திரக் கை. உண்மையில் இந்தத் துறையில் ஓரளவு முதிர்ந்துவிட்ட பகுதி அதுதான். நிலையத்தின் 17 மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள கனடாக் கை 2001 முதல் வேலைசெய்கிறது. 2008இல் அதனுடன் சேர்ந்த டெக்ஸ்டருக்கு இரண்டு கைகள், ஒவ்வொன்றிலும் ஏழு மூட்டுகள். கையைத் தேவையான இடத்துக்குக் கொண்டுசெல்வது சிரமமான வேலைதான் என்றாலும், செய்யத் தெரிந்த வேலை. கையின் நுனியில் உள்ள கருவி போல்ட்டைத் தொடும் அந்தக் கடைசி அங்குலத்தில்தான் வடிவமைப்பாளரின் உழைப்பில் பெரும்பகுதி கரைகிறது.

அந்தக் கடைசி அங்குலத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சென்னை ரிச்சி தெருவில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். என் கைப்பேசியின் பேட்டரியை மாற்றுவதற்காக அங்கே ஒரு மாடிக் கடையில் காத்திருந்தேன். பழுதுபார்ப்பவர் திருப்புளியின் தலையை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் அதைத் திருப்பினார். கால் சுற்றுகூட வராதபோது நிறுத்தினார். ஒரு மயிரிழை எதிர்ப்பக்கம் இறுக்கினார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திரும்பவும் திருப்பினார். "அவசரப்பட்டா மண்டை போயிடும் சார்" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. கழன்று வந்த திருகாணி, கட்டம் போட்ட காந்த விரிப்பில் அதற்குரிய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு நொடிக்குள் அவர் விரல்கள் மூன்று அளவீடுகளைச் செய்துவிட்டன: திருகாணியை எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு முறுக்குகிறோம், எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது. இந்த மூன்றின் உறவில் ஏற்படும் சிறு மாற்றம், நுனி வழுக்கத் தொடங்கிவிட்டது என்று அவருக்குச் சொல்லிவிட்டது. ரோபோவுக்கு இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உணரி வேண்டும். மணிக்கட்டுப் பகுதியில் விசையையும் முறுக்குவிசையையும் எல்லாத் திசைகளிலும் அளக்கும் உணரி வைக்கப்படுவது இதற்காகத்தான். 1997இல் ஹபிள் பணிக்காக விண்வெளி வீரர்கள் முதன்முதலில் எடுத்துச்சென்ற, துப்பாக்கிப் பிடி கொண்ட மின் திருப்புக்கருவியிலேயே முறுக்குவிசையையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பதிவுசெய்யும் வசதி இருந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் சுற்றுகள் முடிந்து, அதன் பின்னர் விசை ஏறினால் போல்ட் சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டாவது சுற்றிலேயே ஏறினால் மரை குறுக்கே ஏறிவிட்டது என்று பொருள்.

தரையில் இருக்கும் இயக்குநர் இதைப் பார்த்துக் கையை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். குறிப்பு அனுப்பும் பாதையைக் கணக்கிட்டால் அது எவ்வளவு கடினம் என்று விளங்கும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ள கலத்துடன் தொடர்ச்சியாகப் பேச வேண்டுமானால், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று சமிக்ஞையை வாங்கி அனுப்பும் அஞ்சல் செயற்கைக்கோள் வழியாகத்தான் பேச வேண்டும். சமிக்ஞை போய்த் திரும்ப ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். இடையில் உள்ள கணினிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. எல்-2 என்றால் பத்து நொடி. திருகாணியின் தலை மழுங்குவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆகவே நிறுத்தும் முடிவைக் கருவியே எடுக்க வேண்டும். இந்த விசைக்கு மேல் முறுக்காதே, இந்தக் கோணத்துக்கு மேல் சாய்ந்தால் விட்டுவிடு என்ற வரம்புகளை அதற்குள்ளேயே எழுதிவைத்து, தரையிலிருந்து 'தொடங்கு' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

முறுக்குவிசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிச்சி தெருவில் கைப்பேசியை மேசை பிடித்துக்கொள்கிறது, மேசையைத் தரை பிடித்துக்கொள்கிறது. விண்வெளியில் போல்ட்டை இடப்பக்கம் திருப்பினால், திருப்புபவர் வலப்பக்கம் சுழலப் பார்ப்பார். நீண்ட கையின் நுனியில் உள்ள கருவி அந்த எதிர்விசையைக் கை முழுவதும் கடத்தினால், வளைந்துகொடுக்கும் அத்தனை மூட்டுகளும் ஆடும். இதனால்தான் டெக்ஸ்டர் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் அசைப்பதில்லை. ஒரு கை வேலைசெய்யும்போது மற்றது பிடிமானத்துக்கு உதவலாம். இதைவிட நல்ல தீர்வு, கருவியே போல்ட்டைச் சுற்றியுள்ள அமைப்பைத் தன் தாடைகளால் கவ்விக்கொள்வது. அப்போது முறுக்கும் எதிர்முறுக்கும் ஒரு சாண் இடத்துக்குள்ளேயே கழிந்துவிடும், கைக்குப் போகாது. ஆனால் கவ்வுவதற்குப் போல்ட்டைச் சுற்றி ஏதாவது இருக்க வேண்டும். அதைத் தொலைநோக்கியைக் கட்டியவர் வைத்திருக்க வேண்டும்.

வெற்றிடத்தில் போல்ட் ஏன் சிக்கிக்கொள்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தரையில் எந்த உலோகத்தின் மேலும் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும்; அது உராய்ந்து போனாலும் காற்று உடனே மீண்டும் உருவாக்கிவிடும். வெற்றிடத்தில் ஒருமுறை தேய்ந்துபோனால் போனதுதான். சுத்தமான இரு உலோகப் பரப்புகள் அழுந்தியிருந்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். சாதாரண கிரீஸ் ஆவியாகிப் பறந்துவிடும் என்பதால் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர் மசகுப் பொருள்களைப் பூசுகிறார்கள். அதுவும் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1989இல் வியாழனுக்கு ஏவப்பட்ட கலிலியோ கலமே சாட்சி. 1991இல் அதன் குடை போன்ற பெரிய ஆன்டெனாவை விரிக்க முயன்றபோது அது முழுமையாக விரியவில்லை. ஏவுவதற்கு முன் லாரியில் நெடுந்தூரம் கொண்டுசெல்லப்பட்ட குலுக்கலில் சில ஊசிகளின் மசகுப்பூச்சு தேய்ந்துபோனதே காரணம் என்று பொறியாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். லாரிப் பயணம் ஒரு விண்கலத்தைப் பல ஆண்டுகள் கழித்து முடக்கக்கூடும் என்பதை நம் ஊர்ச் சாலைகளில் பொருள் ஏற்றி அனுப்புபவர்கள் எளிதில் நம்புவார்கள்.

கழன்ற திருகாணியை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. காந்த விரிப்பு அங்கே உதவாது. விண்கலத் திருகாணிகளில் பல காந்தத்தில் ஒட்டாத உலோகங்கள். மிதந்து போகும் ஒரு திருகாணி கண்ணாடியில் போய்ப் படலாம், பல்சக்கரத்தில் சிக்கலாம். 2009 பணிக்காகக் கோடார்டில் செய்யப்பட்ட பிடிப்புத் தகடு இதற்கு எழுதப்பட்ட அழகான விடை. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு திருகாணிகள் கொண்ட மூடியின் மேல், ஒளி ஊடுருவும் ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் நேராக ஒரு துளை. திருப்புளியின் நுனி நுழையும், திருகாணியின் தலை வெளியே வராது. எல்லாவற்றையும் கழற்றியபின் மூடியும் தகடும் திருகாணிகளும் ஒன்றாகவே வெளியே வந்தன. அம்பத்தூர்ப் பட்டறையில் இருப்பவர்களிடம் இதைக் காட்டினால், இது ஒரு ஜிக் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அவர்கள் சொல்வது சரி. துளையிடும் கருவியைச் சரியான இடத்துக்கு வழிநடத்தும் ஜிக், கையின் நடுக்கத்தை எப்படித் தகட்டின் பொறுப்பாக மாற்றுகிறதோ, அதே வேலையைத்தான் இது செய்தது. மாசிமினோவை வதைத்த கைப்பிடி, இந்தத் தகட்டைப் பொருத்துவதற்குத்தான் தடையாக நின்றது.

பட்டறை அறிவு இன்னொரு இடத்திலும் அப்படியே பொருந்துகிறது. ஒரு பெட்டியை அதற்கென உள்ள இடத்தில் தள்ளும்போது, சற்றே கோணலாக நுழைந்தால் இரு எதிர் முனைகளில் முட்டிக்கொண்டு ஆப்பு அடித்தது போல் நின்றுவிடும். மேசை டிராயரை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். கூடுதல் விசை அதை இன்னும் இறுக்கும். துளையின் வாயில் சேம்ஃபர் போடுவதும், அதாவது விளிம்பைச் சரிவாகச் சீவுவதும், நுழையும் ஊசியின் முனையைக் கூம்பாக்குவதும் முதல் மருந்து. இரண்டாவது, பிடிக்கும் கையே சற்று நெகிழ்வாக இருப்பது. 1970களில் அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகத்தில் உருவான ஒரு நெகிழ்வு இணைப்பு, பக்கவாட்டில் முட்டும்போது பொருள் சாயாமல் நகர்ந்துகொடுக்கவும், கோணலாக இருக்கும்போது நகராமல் திரும்பிக்கொள்ளவும் செய்தது. உணரியும் இல்லை, கணினியும் இல்லை. ரப்பரும் உலோகமும் தம் வடிவத்தாலேயே செய்யும் வேலை. விண்வெளி ரோபோவில் இதே இயல்பை மென்பொருள் வழியாகவும் கொண்டுவருகிறார்கள் என்றாலும், உணரி பழுதானாலும் சேம்ஃபர் பழுதாகாது என்பது என் சார்பு.

கண்ணுக்கும் சிக்கல் உண்டு. காற்று இல்லாததால் ஒளி சிதறுவதில்லை. வெயில் படும் இடம் கண்ணைக் கூசும், அரை அடி தள்ளி நிழல் விழும் இடம் மையிருட்டு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறுகின்றன. தொலைநோக்கியைப் போர்த்தியிருக்கும் பளபளப்பான பல அடுக்கு வெப்பக்காப்பு விரிப்பு, கேமராவுக்குக் கசங்கிய கண்ணாடி போலத் தெரியும். எனவே கருவியே தன் கண்ணையும் விளக்கையும் சுமந்துசெல்ல வேண்டும். 2011இல் கடைசி விண்ணோடப் பயணத்தில் நிலையத்துக்குப் போன, சலவை இயந்திர அளவுள்ள எரிபொருள் நிரப்பும் சோதனைப் பெட்டியில் நான்கு கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கேமராக்களும் எல்.இ.டி. விளக்குகளும் இருந்தன. டெக்ஸ்டர் அவற்றைப் பிடித்து, மூடியைப் பாதுகாக்கும் மெல்லிய கம்பியை வெட்டியது, வெப்பக்காப்பு விரிப்பை ஒதுக்கியது, மூடிகளைக் கழற்றியது, 2013 ஜனவரியில் எத்தனாலைக் குழாய் வழியாகச் செலுத்தியும் காட்டியது. எரிபொருள் நிரப்பிய குழாய்க்கருவி திரும்பும்போது, எளிதில் மாட்டிக் கழற்றக்கூடிய ஓர் இணைப்பியை அங்கேயே விட்டுவந்தது. முதல் தடவை கம்பி வெட்டி, மரை கழற்றி, அரும்பாடு பட்டுத் திறந்த வாய், அடுத்த தடவை ஒரே சொடுக்கில் திறக்கும். பழுதுபார்க்க வந்தவர் பழுதுபார்ப்பதற்கு ஏற்றபடி பொருளை மாற்றிவிட்டுப் போவது இந்தத் துறையின் மிகச் சிறந்த யோசனை என்று நினைக்கிறேன்.

தயார்செய்யப்படாத கலங்களை அணுகுவது எவ்வளவு இடர் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. 2020 பிப்ரவரியில் ஒரு சேவைக்கலம், இன்டெல்சாட் 901 என்ற பழைய தகவல்தொடர்புச் செயற்கைக்கோளுடன் இணைந்தது. பிடிக்கக் கொக்கி எதுவும் இல்லாததால், அதன் எஞ்சின் கூம்புக்குள் ஒரு கம்பியை நுழைத்து, உள்ளே அதை விரித்துப் பிடித்தது. அது வெற்றி. ஆனால் 1999இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளுக்கு ரோபோக் கைகளால் எரிபொருள் நிரப்பத் திட்டமிட்ட நாசா பணி, செலவும் காலமும் கூடி, 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. தயார்செய்யப்படாத கலங்களுக்கு எரிபொருள் நிரப்பும் திட்டத்திலிருந்து துறையே விலகிச் சென்றுவிட்டது என்பதும் நாசா சொன்ன காரணங்களில் ஒன்று. தொலைநோக்கிகளில் இப்போது கவனிக்க வேண்டியது ஸ்விஃப்ட். 2004இல் ஏவப்பட்டு, உயரம் குறைந்துகொண்டே வரும் அதை ஒரு ரோபோக் கலத்தால் பிடித்து மேலே தூக்க 2025 செப்டம்பரில் நாசா ஒப்பந்தம் கொடுத்தது. அதிலும் பிடிமானம் எதுவும் இல்லை.

தொலைநோக்கிக்கு மட்டுமே உரிய ஒரு நிபந்தனையும் உண்டு: தூய்மை. எரிபொருள் நிரப்ப வரும் கலம் தன் உந்துபொறிகளைச் சிறிது தாராளமாக இயக்கலாம். தொலைநோக்கியை நெருங்கும்போது அந்தப் புகையில் ஓர் இழை கண்ணாடியில் படிந்தாலும், புற ஊதா ஒளி பிரதிபலிப்பதை அது கெடுத்துவிடும். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஹபிளுக்கு ஏறக்குறைய சமமான அளவுடையது. அதன் கண்ணாடியை இறக்கிக் கழுவி, அங்கேயே உள்ள வெற்றிடக் கலனில் புதிதாக அலுமினியம் பூசி ஏற்றலாம். மேலே உள்ள கண்ணாடிக்கு மறுபூச்சு கிடையாது. எனவே கருவியின் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையும், ஒவ்வொரு சொட்டு மசகும் வெற்றிடத்தில் ஆவி விடுமா என்று முன்கூட்டியே சோதிக்கப்படுகிறது.

இந்தியாவுக்கு இது அயலான பேச்சு அல்ல. சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 டிசம்பர் 30 அன்று புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-60, விண்வெளியில் இணைவதைச் சோதிக்கும் ஸ்பேடெக்ஸ் இரட்டைக் கலங்களைக் கொண்டுபோனது. அவை 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. அதே ராக்கெட்டின் நான்காம் நிலையில், மிதக்கும் பொருளைப் பிடிக்கும் ஒரு ரோபோக் கையும், புழு நகர்வதைப் போல இடம் மாறும் இன்னொரு கையும் சோதிக்கப்பட்டன. 2015இல் ஏவப்பட்ட இந்திய வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் மூன்று அலைவரிசைகளில் ஒன்று 2018இல் நின்றுபோனது, மற்றவை தொடர்ந்தன. நின்றதைத் திறந்து பார்க்க வழி இருக்கவில்லை, வழி வைக்கும் காலமும் அப்போது வந்திருக்கவில்லை. அடுத்த இந்திய விண்தொலைநோக்கியின் வரைபடம் மேசைக்கு வரும்போது, அதன் மின்னணுப் பெட்டிகள் எந்தப் பக்கம் திறக்கும், போல்ட்டின் தலையைச் சுற்றிக் கருவி கவ்வ எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, அருகில் கேமரா குறிவைக்க ஓர் அடையாளம் ஒட்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் அந்தக் கையைச் செய்தவர்கள்தான். சில கிலோ எடை கூடும். எடையைக் கணக்கு பார்ப்பவர்கள் முதலில் வெட்ட நினைப்பதும் இதைத்தான். அமெரிக்கா திட்டமிட்டுவரும் உயிர்வாழ்வுக்கேற்ற உலகங்களைத் தேடும் அடுத்த பெருந்தொலைநோக்கியில், எல்-2இல் ரோபோக்கள் பாகங்களை மாற்றும் என்பது தொடக்கத்திலேயே வடிவமைப்பின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஹபிள் 2024 ஜூன் முதல் ஒரே கைரோவைக் கொண்டு திசை பார்த்து இயங்குகிறது. தனியார் கலம் ஒன்றை அனுப்பி அதன் உயரத்தைக் கூட்டலாம் என்ற யோசனையை நாசா அதே ஆண்டு பரிசீலித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றது. 2009இல் போன குழு கைப்பிடியைப் பிய்த்தெறிந்ததோடு இன்னொரு வேலையும் செய்திருந்தது. தொலைநோக்கியின் பின்புறத்தில், வருங்காலத்தில் வரும் ரோபோக் கலம் பற்றிக்கொள்வதற்காக ஒரு வளையத்தையும், கேமராக்கள் நோக்கி வர அடையாளக் குறிகளையும் பொருத்திவிட்டு வந்தது. இன்றுவரை அந்த வளையத்தை எந்தக் கலமும் தொட்டதில்லை.